ஒரே தள்ளுமுள்ளு, என் பையனுக்கு ஐஎஸ்எஸ், கூட இருந்த கறுப்பினப் பையனுக்கு போலீஸ் விசாரணை – நாம வாயத் தொறக்கலாமா?

கொங்கு_குமரன்

வணக்கம் மக்களே. டாலஸ் பக்கம் இருக்கோம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பேரு ஸ்கூல் பேரு வேணாம். பையன் 9வது படிக்கிறான். போன வாரம் லஞ்ச் முடிஞ்சு ஹால்வேல ஒரு தள்ளுமுள்ளு. என் பையன், அவன் ஃப்ரெண்டு (கறுப்பினப் பையன், மிடில் ஸ்கூல்ல இருந்தே ரெண்டு பேரும் பேண்டுல ஒண்ணா வாசிக்கிறவங்க), எதிர்ல இன்னொரு பையன். அவன் ஏதோ சொல்லிருக்கான், முதல்ல தள்ளுனது என் பையன்தான், அவனே வீட்டுக்கு வந்து சொல்லிட்டான். அப்புறம் மூணு பேரும் மாத்தி மாத்தி தள்ளிருக்காங்க, யாருக்கும் அடி இல்ல, எதிர்ப்பையனோட கண்ணாடி கீழ விழுந்து ஃப்ரேம் வளைஞ்சிருக்கு, அவ்ளோதான் விஷயம்.

முடிவு என்னன்னா, என் பையனுக்கு 2 நாள் ஐஎஸ்எஸ், ஸ்கூலுக்குள்ளயே தனி ரூம்ல உக்காந்து வேலை பாக்கணும். ரெஃபரல்ல, அதான் தப்ப எழுதி அனுப்பற பேப்பர்ல, "ஹார்ஸ்ப்ளே"ன்னு, விளையாட்டா தள்ளிக்கிட்ட மாதிரி எழுதிருக்காங்க. அசிஸ்டென்ட் பிரின்சிபல் (ஏபி) ஃபோன் பண்ணி ரொம்ப தன்மையா பேசுனாங்க, நல்ல பையன், ஏதோ ஒரு நாள் இப்படி ஆகிப்போச்சுன்னாங்க. அந்தப் பையன 3 நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவன் பேப்பர்ல "அசால்ட்"னு இருக்காம், டிஏஇபிக்கு, அதான் தண்டனை வாங்குன பசங்கள அனுப்பற அந்த ஆல்டர்நேட்டிவ் ஸ்கூல், அங்க மாத்தப் போறதா சொல்லிருக்காங்க. அதுக்கும் மேல, ஸ்கூல்ல இருக்கற எஸ்ஆர்ஓ, யூனிஃபார்ம் போட்ட போலீஸ்தான், அவன ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சு ரொம்ப நேரம் கேள்வி கேட்டுட்டு அதுக்கப்புறம்தான் அவங்க அம்மாவுக்கு ஃபோன் போயிருக்கு. என் பையன எஸ்ஆர்ஓ கூப்பிடவே இல்ல.

பையன் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கறான். நான் போய் உண்மைய எழுதிக் குடுக்கறேங்கறான். வீட்டம்மா நம்ம இருக்கறது எச்1பி வேலை விசா, பையன் அதச் சார்ந்த எச்4 விசா, கிரீன் கார்டு எப்ப வரும்னே தெரியாது, இதுல போலீஸ் கீலீஸ்னு ஏன் மாட்டணும்னு சொல்றாங்க, அதுவும் தப்புன்னு சொல்ல முடியல. இது நிறம் பாத்து நடக்கறதா, இல்ல அந்த ஒரு ஏபி எடுத்த முடிவா, பையன் எழுதிக் குடுத்தா அவன் ரெக்கார்டும் அசால்ட்னு மாறுமா, விசாவுக்கு ஏதாச்சும் ஆகுமா... தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்

பாஸ், 2 நாள் ஐஎஸ்எஸ்ஸோட போச்சுன்னு சாமிக்கு ஒரு தேங்கா உடைச்சிட்டு கம்முனு இருங்க. நம்ம வேலை படிக்கறது, சம்பாதிக்கறது. அந்தப் பையன் இதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணிருக்கானோ உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்கூல் காரணம் இல்லாம டிஏஇபிக்கு அனுப்பாது. எல்லாத்துக்கும் ரேசிசம்னு சொல்றது இங்க ஃபேஷனாப் போச்சு. உண்மையச் சொன்னா அவங்க பசங்க கொஞ்சம் ஜாஸ்தியாவே சண்டை போடுவாங்க, வீட்டுச் சூழ்நிலை அப்படி, வறுமை அப்படி, அதுக்கேத்த மாதிரி தண்டனையும் ஜாஸ்தி. இதுல நிறத்த எதுக்கு இழுக்கணும்.

ராக்கோழி

@சும்மா_ஒருத்தன் நீங்க சொன்ன இந்த வறுமை விளக்கத்தத்தான் எல்லாரும் முதல்ல சொல்வாங்க, அதனாலதான் அமெரிக்க காங்கிரசோட தணிக்கை அமைப்பு ஜிஏஓ 2018ல அதையே தனியா எடுத்துப் பாத்துச்சு. ஏழைப் பசங்க ஜாஸ்தி இருக்கற ஸ்கூல், பணக்கார ஸ்கூல், சார்ட்டர், மேக்னெட்னு இருக்கற வேற வகை அரசு ஸ்கூல் எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பினப் பசங்க அவங்க எண்ணிக்கைக்கு மீறி தண்டனை வாங்கறாங்க. கல்வித்துறை எடுக்கற சிவில் ரைட்ஸ் கணக்குல 2017–18 வருஷம் மொத்தப் பசங்கள்ல கறுப்பினத்தவங்க 15 சதவீதம், வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்கள்ல 38 சதவீதம். சரி, அது டீனேஜ் பசங்க, சண்டை போடுவாங்கன்னே வெச்சுக்குவோம். ப்ரீஸ்கூல்ல என்ன சொல்வீங்க? அங்கயும் 18 சதவீதம் இருக்கறவங்க சஸ்பெண்ட் ஆனதுல 43 சதவீதம். நாலு வயசுக் குழந்தை என்னய்யா கேங் ஃபைட்டா பண்ணுச்சு.

குமரன் அண்ணா, உங்க முதல் கேள்விக்கு நம்ம டெக்சாஸ் விஷயத்துலயே பதில் இருக்கு. 2011ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஏழாவது படிச்ச கிட்டத்தட்ட பத்து லட்சம் டெக்சாஸ் பசங்கள ஆறு வருஷம் பின்தொடர்ந்து எடுத்தது. அதுல முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு, நடந்த தண்டனைகள்ல சட்டப்படி கட்டாயம் வெளிய அனுப்பியே தீரணும்ங்கற வகை வெறும் 3 சதவீதம்தான், மிச்சம் எல்லாமே ஸ்கூல்ல இருக்கற பெரியவங்க பாத்து முடிவு பண்றது. ரெண்டாவது, வித்தியாசம் முளைக்கறதே அந்த "பாத்து முடிவு பண்ற" எடத்துலதான். கறுப்பின ஆம்பளப் பசங்கள்ல 83 சதவீதம் பேர் ஒரு தடவையாச்சும் அந்த மாதிரி மாட்டிருக்காங்க, வெள்ளைப் பசங்கள்ல 59. மத்த எல்லா விஷயமும் ஒண்ணா இருக்கற ரெண்டு பசங்கள எடுத்துக்கிட்டாலும் கறுப்பினப் பையன் மாட்டற வாய்ப்பு 31 சதவீதம் ஜாஸ்தின்னு கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. அதனால உங்க ஏபி கெட்டவங்களா நல்லவங்களாங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம், அவங்க உங்ககிட்ட தன்மையா பேசுனாங்கன்னு சொன்னீங்களே, அந்தத் தன்மை யாருக்குக் கெடைக்குதுங்கறதுதான் விஷயமே.

இன்னொண்ணு, ஸ்டான்ஃபோர்டுல 2015ல ஒரு சோதனை. டீச்சருங்ககிட்ட ஒரு பையன் பண்ண சின்னச் சின்னத் தப்பு ரெண்ட எழுதிக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க, பேர் மட்டும்தான் வேற, சிலருக்கு கறுப்பினப் பேரு, சிலருக்கு வெள்ளைக்காரப் பேரு. முதல் தப்புக்கு பெரிசா வித்தியாசம் இல்ல. ரெண்டாவது தப்பு வந்ததும் கறுப்பினப் பேரு இருந்த பேப்பர்ல "இவன் இப்படித்தான்"னு முடிவுக்கு வந்துட்டாங்க, தண்டனையும் கடுமையாப் போச்சு. "இதுக்கு முன்னாடி என்ன பண்ணிருக்கானோ"ன்னு மேல ஒருத்தர் கேட்டாரே, கிட்டத்தட்ட அதே மனசுதான்.

கணக்கு_டீச்சர்

நான் டெக்சாஸ்ல மிடில் ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், வேற டிஸ்ட்ரிக்ட். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

ரெஃபரல் எழுதறப்ப என்ன நடக்குதுன்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. நாங்க நடந்தத எழுதி அனுப்புவோம், ஏபி அதப் படிச்சிட்டு சிஸ்டத்துல ஒரு கோடு போடுவாங்க, அந்தக் கோடுதான் ஸ்டேட்டுக்குப் போகும். 21னு போட்டா உள்ளூர் விதிமீறல், அதுல ஹார்ஸ்ப்ளேல இருந்து எல்லாமே அடங்கும். 41னு போட்டா ஒருத்தருக்கொருத்தர் சண்டை. அசால்ட்னு போட்டுட்டா, அதுவும் அடி பட்டுச்சுன்னு சேந்துட்டா, டெக்சாஸ் எஜுகேஷன் கோடு சாப்டர் 37 படி டிஏஇபி கட்டாயம் ஆயிரும். அப்புறம் அம்மா அப்பா வந்து அழுதா ஏபி கைய விரிச்சு "சட்டம் மேடம், எங்க கையில ஒண்ணும் இல்ல"ம்பாங்க. கையில இருந்துச்சு, கோடு போடறதுக்கு முன்னாடி வரைக்கும் எல்லாமே அவங்க கையிலதான் இருந்துச்சு. கட்டாயத் தண்டனைன்னு கணக்குல ஏறுறதுல எத்தன விஷயம் இப்படி ஒருத்தர் மனசுல தோணுன வார்த்தையால கட்டாயம் ஆச்சோ யாருக்குத் தெரியும்.

இங்க யாருக்கும் அடி படல, முதல்ல தள்ளுனவனுக்கு 21, ரெண்டாவது தள்ளுனவனுக்கு அசால்ட். இது நிக்கவே நிக்காது, யாராவது கேட்டா. யாரும் கேக்க மாட்டாங்கங்கற தைரியம்தான்.

கேக்கறதுக்கு வழி இருக்கு. டிஏஇபிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, பையன வெளிய எடுத்ததுல இருந்து மூணு கிளாஸ் டேக்குள்ள ஒரு கான்ஃபரன்ஸ் வெச்சாகணும், அம்மா அப்பாவக் கூப்பிட்டு, பையன் தரப்பக் கேட்டு. அதுல தற்காப்பா, வேணும்னே பண்ணதா, முன்னாடி ரெக்கார்டு என்ன, டிசபிலிட்டி ஏதாவது இருக்கா இதெல்லாம் பாத்தே ஆகணும்னு சட்டத்துலயே இருக்கு, கட்டாயத் தண்டனையா இருந்தாலும் சரி. ஹால்வேல கேமரா இருக்கும், வீடியோவ அழிக்காம வைக்கச் சொல்லி ஈமெயில்ல எழுதிக் கேக்கணும், வாயால கேட்டா பிரயோஜனம் இல்ல, கொஞ்ச நாள்ல தானா மேல ரெக்கார்டு ஆகிப் போயிரும்.

ஆனா ஒரு விஷயத்த டீச்சரா நான் சொல்லியே ஆகணும், ராக்கோழி தம்பி கோச்சுக்க வேணாம். சஸ்பென்ஷனக் குறைங்கன்னு மேல இருந்து உத்தரவு மட்டும் வந்து, கவுன்சிலர் தராம, ஆள் தராம விட்டா கிளாஸ் நாறிப் போகும், நான் நேர்ல பாக்கறேன். பிட்ஸ்பர்க்ல ரெஸ்டோரேடிவ் முறைய, அதான் வெளிய அனுப்பாம பேசி சரி பண்றத, 44 ஸ்கூல்ல வெச்சு ராண்ட் நிறுவனம் ஒரு ஆய்வு பண்ணுச்சு, 2018ல ரிசல்ட் வந்துச்சு. சஸ்பென்ஷன் நாள் குறைஞ்சது, கறுப்பினப் பசங்களுக்கும் வெள்ளைப் பசங்களுக்கும் இருந்த இடைவெளியும் குறைஞ்சது, ஆனா மிடில் ஸ்கூல் பசங்களோட மார்க் எறங்கிருச்சு. இந்த ரெண்டாவது பாதிய நம்ம பக்கத்துக்காரங்க சொல்ல மாட்டாங்க. முதல் பாதிய அந்தப் பக்கத்துக்காரங்க சொல்ல மாட்டாங்க. 2025ல டெக்சாஸ் சட்டத்த மாத்தி பையன வெளிய அனுப்பற அதிகாரத்த டீச்சர் கையில இன்னும் கூட்டிட்டாங்க, என் கூட வேலை பாக்கறவங்க பாதிப் பேருக்கு சந்தோஷம்தான். எனக்கு எங்க பயம்னா, அதிகாரம் கூடுனா மேல சொன்ன "பாத்து முடிவு பண்ற" எடமும் கூடுமே.

கொங்கு_குமரன்

ரொம்ப நன்றி டீச்சர், இந்த கோடு விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. கேமரா இருக்குன்னு பையன் சொல்றான். வீட்டம்மாவும் இதையெல்லாம் படிச்சிட்டு இருக்காங்க, அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், எங்க பையன் எழுதிக் குடுத்தா அத எஸ்ஆர்ஓ எடுத்துக்கிட்டு இவன் மேல கேஸ் போட முடியுமா, விசா என்ன ஆகும்.

ஹூஸ்டன்_வாணி

நான் வக்கீல் இல்ல, ஜுவனைல் கோர்ட்டு, அதான் சின்னப் பசங்களுக்கான கோர்ட்டு பக்கம் இன்டர்ப்ரெட்டர் வேலை பாக்கறேன், அதனால கேள்விப்பட்டத இல்லாம அங்க தினம் பாக்கறத சொல்றேன், முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பேசிருங்க.

முதல்ல எஸ்ஆர்ஓ யாருன்னு புரிஞ்சுக்கணும். அவர் பசங்களோட கை குலுக்குவார், பேஸ்கட்பால் ஆடுவார், நல்லவராவே இருப்பார், ஆனா அவர் போலீஸ். ஏபி உங்க பையன் பேக்க சோதனை போடணும்னா நியாயமான சந்தேகம் இருந்தா போதும், 1985லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஏபி ரூம்ல நடந்த பேச்சு போலீஸ் ரிப்போர்ட்டா மாறுறதுக்கு ஒரு கதவு தூரம்தான். நார்த் கரோலினா சேப்பல் ஹில்ல 13 வயசுப் பையன கிளாஸ்ல இருந்து கூட்டிட்டுப் போய் ஒரு ரூம்ல வெச்சு, பாட்டிக்கும் சொல்லாம, பேசாம இருக்கலாம்னும் சொல்லாம கேள்வி கேட்ட கேஸு 2011ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. போலீஸ் கஸ்டடில இருக்கானா இல்லையான்னு பாக்கறப்ப அவன் சின்னப் பையன்ங்கறதையும் சேத்துப் பாக்கணும்னு அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு. அஞ்சுக்கு நாலு! பெரியவங்களுக்கு எழுந்து போகலாம்னு தோணும், 14 வயசுக்கு பிரின்சிபல் ஆபீஸ்ல இருந்து எழுந்து போகத் தோணுமா? உங்க பையனோட ஃப்ரெண்டு அம்மா வர்றதுக்கு முன்னாடி என்ன சொன்னான், எதுல கையெழுத்துப் போட்டான்ங்கறத அவங்க முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நம்ம வீட்டுப் பசங்களுக்கும் ஒரு வரி சொல்லிக் குடுத்து வைங்க: போலீஸ் கேட்டா மரியாதையா "எங்க அம்மா அப்பா வரட்டும், வக்கீல் வேணும்"னு சொல்லணும், அவ்ளோதான். நல்ல பையன் எல்லாத்தையும் சொல்லிருவான்ங்கற வளர்ப்பு இந்த ரூமுக்குள்ள மட்டும் வேலைக்கு ஆகாது.

டிக்கெட் விஷயம். முன்னாடி எல்லாம் டெக்சாஸ்ல பசங்க கிளாஸ்ல கத்துனாக்கூட போலீஸ் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாங்க, கோர்ட்டுக்குப் போய் ஃபைன் கட்டணும். 2013ல சட்டம் மாத்தி ஸ்கூல்ல நடக்கற சின்னக் குத்தத்துக்கு அந்த மாதிரி டிக்கெட் தரக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. ஆனா கம்ப்ளெயின்ட்டா எழுதி அனுப்பற வழி இன்னும் இருக்கு. அதனால அந்தப் பையனுக்கு வெறும் ஸ்கூல் தண்டனையா, இல்ல கம்ப்ளெயின்ட்டும் போயிருக்கான்னு எழுத்துல கேக்கச் சொல்லுங்க.

விசா: ஜுவனைல் கோர்ட்டுல வர்ற முடிவ இமிக்ரேஷன் சட்டம் கிரிமினல் கன்விக்ஷனா எடுத்துக்கறதில்ல. ஆனா கிரீன் கார்டு ஃபார்ம்ல எப்பவாச்சும் அரெஸ்ட் ஆனதுண்டா, சைட்டேஷன், அதான் போலீஸ் டிக்கெட், உண்டான்னு கேள்வி இருக்கு, அப்ப பதில் சொல்லணும், பேப்பர் காட்டணும். அதோட டெக்சாஸ்ல 17 வயசு ஆயிட்டா கிரிமினல் சட்டத்துக்கு அவன் பெரியவன், அங்க கதையே வேற. உங்க பையன் 9வதுதான், அந்த எல்லைய இன்னும் தொடல. ஹால்வே தள்ளுமுள்ளுக்கு கொடுத்த ஐஎஸ்எஸ்ஸால எச்4 போகாது. காலேஜ் பயம் இருந்தா அதுவும் முன்ன மாதிரி இல்ல, பல காலேஜுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்ல ஸ்கூல் தண்டனை பத்தின கேள்விய 2021ல இருந்து எடுத்துட்டாங்க, சில காலேஜ் தனியா கேக்கும்.

எழுதிக் குடுக்கலாமான்னா, ரிஸ்க் இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். "நான்தான் முதல்ல தள்ளுனேன்"னு எழுதுனா அவனுக்கும் கோட மாத்த அவங்களுக்கு எடம் இருக்கு. அதனால வக்கீல் பாத்த பிறகு, பையன் பாத்ததையும் செஞ்சதையும் மட்டும், நீங்க பக்கத்துல இருந்து, எஸ்ஆர்ஓகிட்ட இல்லாம ஸ்கூல்ல டிசிப்ளின் பாக்கறவங்ககிட்ட குடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி அந்தம்மாவுக்கு ஒரு ஃபோன். அவங்களுக்கு வேற வக்கீல் இருக்கலாம், வேற யோசனை இருக்கலாம், அவங்க பையன் விஷயத்துல நாமளா முடிவு பண்ணி நல்லது செய்யப் போகக் கூடாது.

பழைய_பிளாட்பாரம்

எல்லாரும் எஸ்ஆர்ஓவ வில்லன் மாதிரி பேசறீங்க. என் பொண்ணு படிக்கற ஸ்கூல்ல போன வருஷம் மிரட்டல் வந்தப்ப வாசல்ல அந்த ஆள் நின்னதாலதான் நான் அவள அனுப்புனேன். யுவால்டி ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடு நடந்ததுக்கு அப்புறம் 2023ல டெக்சாஸ்ல ஒவ்வொரு ஸ்கூல்லயும் துப்பாக்கியோட ஒருத்தர் இருக்கணும்னு சட்டமே போட்டாச்சு. டென்வர்ல 2020ல, ஜார்ஜ் ஃபிளாய்டுங்கற கறுப்பினத்தவர் போலீஸ் கையால செத்ததுக்கப்புறம், ஸ்கூல்ல இருந்து போலீச எடுத்தாங்க, 2023 மார்ச்ல ஈஸ்ட் ஹைஸ்கூல்ல ஒரு மாணவன சோதனை போட்ட ரெண்டு ஸ்டாஃபையே அவன் சுட்டுட்டான், ஜூன்லயே திரும்பக் கொண்டாந்துட்டாங்க. கறுப்பினப் பெற்றோர்லயும் எஸ்ஆர்ஓ வேணும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்கள யாரும் கேக்கறதில்ல.

ராக்கோழி

நியாயமான பேச்சு, ஆனா யுவால்டிய எடுத்தீங்களே. அந்த டிஸ்ட்ரிக்டுக்கு சொந்தமா போலீஸ் டிபார்ட்மென்டே இருந்துச்சு. அன்னிக்கு மொத்தம் 376 போலீஸ் வந்தாங்க, 77 நிமிஷம் கதவுக்கு வெளிய. 19 குழந்தைங்க, 2 டீச்சர். எஸ்ஆர்ஓ இருந்தா என்ன ஆகுதுன்னு 2023ல நாடு முழுக்க ஸ்கூல்கள எடுத்து ஒரு ஆய்வு வந்துச்சு. சண்டை மாதிரி சில வன்முறை குறையுது, அத ஒத்துக்கணும். துப்பாக்கிச் சூடு குறையல. கூடவே சஸ்பென்ஷன், ஸ்கூல விட்டு நீக்கறது, அரெஸ்ட் எல்லாம் ஏறுது, அதுலயும் கறுப்பினப் பசங்களுக்கு ரொம்ப ஜாஸ்தியா ஏறுது. நம்ம டெக்சாஸ்ல ஃபெடரல் பணத்துல ஸ்கூல் போலீஸ் போட்ட எடங்கள வெச்சு 2019ல வந்த ஆய்வுல மிடில் ஸ்கூல் தண்டனை 6 சதவீதம் கூடுச்சு, ஹைஸ்கூல் முடிக்கறவங்க 2.5 சதவீதம் குறைஞ்சாங்க. வாசல்ல நிக்கறதுக்கு போட்ட ஆள் ஹால்வே சண்டைக்கு ஏன் உள்ள வர்றாருங்கறதுதான் என் கேள்வி. துப்பாக்கிக்காரன் வந்தா வரட்டும், தள்ளுமுள்ளுக்கு ஏபி போதும்னு டிஸ்ட்ரிக்டும் போலீசும் போடற ஒப்பந்தத்துல எழுதலாம், பல எடத்துல எழுதிருக்காங்க. உங்க ஸ்கூல் போர்டு அந்த ஒப்பந்தத்த ஓட்டுக்கு விடறப்ப போய் உக்காருங்க, நம்மாளுங்க ஒருத்தரும் அந்த மீட்டிங்குக்குப் போறதில்ல, நல்லாப் படிக்கற பசங்களுக்கான ஜிடி ப்ரோகிராம் பத்தின மீட்டிங்னா மட்டும் பார்க்கிங் நிரம்பிரும்.

நிலா_ஆஸ்டின்

ஹாய், நான் இங்கயே பொறந்து வளந்தவ, காலேஜ் படிக்கறேன், தமிழ்ல டைப் பண்றது கொஞ்சம் தகராறு, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அங்கிள்ஸ் ஆன்ட்டீஸ்.

"நம்ம பசங்களுக்கு இது வராது"ன்னு எல்லாரும் ஒரு நம்பிக்கைல பேசறீங்க. 2015ல இர்விங்ல, உங்க பக்கத்து ஊர்தான், 14 வயசு சூடான் குடும்பத்துப் பையன் வீட்ல செஞ்ச கடிகாரத்த ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனான், பாமான்னு கேட்டு கையில விலங்கு போட்டாங்க, 3 நாள் சஸ்பெண்டு. அதே வருஷம் அலபாமால மேடிசன்ல பேரனப் பாத்துக்க வந்த 57 வயசு குஜராத்தி தாத்தா சும்மா தெருவுல நடந்து போனாரு, யாரோ கறுப்பின ஆள் சுத்தறான்னு ஃபோன் பண்ணிட்டாங்க, போலீஸ் அவரத் தூக்கித் தரையில அடிச்சு உடம்பு ஓரளவு செயலிழந்து போச்சு. அந்த போலீஸ் கடைசில விடுதலை ஆயிட்டார். அன்னிக்கு ஃபோன்ல சொன்ன ஆளுக்கு அவர் தமிழா குஜராத்தியான்னு எல்லாம் தெரியல.

ஸ்கூல்ல நாங்க ஏசியன்ங்கற லிஸ்ட்ல வர்றோம், அதனால தப்பிச்சுக்கறோம். நான் ஹைஸ்கூல்ல லேட்டா போனா "ஆர் யூ ஓகே ஸ்வீட்டி"ம்பாங்க, என் ஃப்ரெண்டு, கறுப்பினப் பொண்ணு, அதே நாள் அதே லேட்டு, அவளுக்கு டார்டி ஸ்லிப். எனக்கு அப்பவே தெரியும். எல்லா பசங்களுக்கும் தெரியும், உங்க பையனுக்கும் தெரிஞ்சதாலதான் சாப்பிட மாட்டேங்கறான். வீட்ல தமிழ்ல அவங்களப் பத்தி நீங்கல்லாம் என்ன பேசறீங்கன்னும் எங்களுக்குப் புரியும், தமிழ் தெரியாதுன்னு நெனச்சுப் பேசறீங்க.

ஆனா ஆன்ட்டி பயப்படறது சும்மா இல்ல, அதையும் சொல்லிடறேன். சவுத் கரோலினா ஸ்ப்ரிங் வேலி ஹைஸ்கூல்ல 2015ல ஃபோன உள்ள வைக்காத பொண்ண எஸ்ஆர்ஓ டெஸ்க்கோட கவுத்து இழுத்தாரு, அத எதிர்த்து கிளாஸ்ல குரல் குடுத்த இன்னொரு பொண்ணையும் "ஸ்கூலுக்கு இடைஞ்சல்"ங்கற சட்டத்துல அரெஸ்ட் பண்ணிட்டாங்க. அவ கேஸ் போட்டு, அந்தச் சட்டம் தெளிவே இல்லாதது, மாணவர்கள் மேல பாய்ச்சக் கூடாதுன்னு ஃபெடரல் அப்பீல் கோர்ட்டு சொன்னது 2023ல. அவ்ளோ வருஷம். அதனால வாணி ஆன்ட்டி சொன்ன மாதிரி வக்கீலோட போங்க, ஆனா போங்க.

சும்மா_ஒருத்தன்

சரிப்பா, ப்ரீஸ்கூல் கணக்குக்கு எனக்கு பதில் இல்ல. ஆனா இன்னும் சொல்றேன், எச்1பில இருக்கறவன் முன்னாடி போய் நிக்கறது வேற, சிட்டிசன் நிக்கறது வேற. இங்க வீரமா பேசறவங்க எத்தன பேர் விசால இருக்கீங்கன்னு கை தூக்குங்க.

கணக்கு_டீச்சர்

நான் எச்4 விசாவுக்குக் குடுக்கற ஈஏடி வேலை அனுமதில வேலை பாக்கறேன் சார், கை தூக்கிட்டேன்.

குமரன் அண்ணா, சண்டை போன வாரம்னு சொன்னீங்க, அந்த மூணு கிளாஸ் டே கணக்குப்படி கான்ஃபரன்ஸ் இன்னிக்கு நாளைக்குள்ள இருக்கணும், இல்ல முடிஞ்சே போயிருக்கலாம். முடிஞ்சிருந்தாலும் அப்பீல் வழி அந்த டிஸ்ட்ரிக்டோட ஸ்டூடன்ட் கோட் ஆஃப் கான்டக்ட்ல இருக்கும், நாள் கணக்கு ரொம்பக் கம்மியா இருக்கும், அதனால அந்தம்மாவுக்கு சாயங்காலத்துக்குள்ள பேசிருங்க. வீடியோவுக்கு அவங்க ஒரு ஈமெயில், உங்க பையனும் அதுல இருக்கறதால நீங்க ஒரு ஈமெயில், ரெண்டும் தனித்தனியா. டெக்சாஸ் கல்வித்துறையான டிஇஏ சைட்ல ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் வருஷா வருஷம் இனவாரியா டிசிப்ளின் ரிப்போர்ட் போடுவாங்க, உங்க டிஸ்ட்ரிக்டோடத எறக்கி பிரிண்ட் எடுத்துக்கிட்டு போங்க, சின்ன எண்ணிக்கைய மறைச்சிருப்பாங்க, ஐஎஸ்எஸ், டிஏஇபி வரியெல்லாம் நல்லாவே தெரியும். ஏபிகிட்ட ரேஸ்னு ஆரம்பிக்காதீங்க, உடனே கதவ மூடிக்குவாங்க. "ஒரே சம்பவத்துக்கு எங்க பையனுக்கு என்ன கோடு, என்ன காரணம்"னு மட்டும் எழுதிக் கேளுங்க, அவங்க அம்மாவும் அதையே கேக்கட்டும். ரெண்டு பதிலும் பக்கத்துல பக்கத்துல வர்றப்ப அவங்களே படிச்சுப் பாத்துக்கட்டும்.